பழைய போஸ்ட் கார்டு விக்கணும்னா முதல்ல இந்த பாய் கடைக்கு போங்க – வேலூர் லாங் பஜார்

வேலூர்ல பழைய பட போஸ்ட் கார்டை உருப்படியா பாத்து விலை சொல்ற ஆளு ஒருத்தர் இருக்காருன்னு நிறைய பேருக்கு தெரியல, வீட்ல பழைய பெட்டிய திறந்தா ஒன்னு பேப்பர் கடைக்கு கிலோ கணக்குல போடறாங்க, இல்லன்னா ஆன்லைன்ல எவனோ "மொத்தமா எடுத்துக்கறேன்"னு சொன்ன உடனே குடுத்துட்டு வந்துடறாங்க. அது மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். லாங் பஜார்ல இருந்து உள்ள போற ஒரு சந்து, கீழ எவர்சில்வர் பாத்திரக் கடை, பக்கத்துல குறுகலா ஒரு படிக்கட்டு, மேல ஏறினா பழைய காசு, ஸ்டாம்பு, முத்திரைத்தாள், போஸ்ட் கார்டு. கடைக்கு பேரும் இல்ல போர்டும் இல்ல. "பழைய காசு பாய்"னு கேட்டா யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. என் மார்க்கு அஞ்சுக்கு நாலரை.

நாங்க எடுத்துட்டு போனது எங்க அத்தையோட கார்டுங்க. அத்தை ராணிப்பேட்டை பக்கம் மிஷன் ஸ்கூல்ல டீச்சர், அங்க இருந்த அமெரிக்க மிஷனரி அம்மாங்களோட ரொம்ப சிநேகம், அவங்க ஊருக்கு போனா அங்கேர்ந்து கார்டு போடுவாங்க, இங்க அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எடுத்து வச்ச படங்களையும் அத்தைக்கே குடுத்துட்டு போயிருக்காங்க. நம்ம வட ஆற்காடு பக்கம் இது ஒன்னும் அபூர்வம் இல்ல, ஆற்காடு மிஷன்னா அமெரிக்காவோட ரிஃபார்ம்ட் சர்ச் நடத்தினது, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஐடா ஸ்கட்டர் குடும்பமும் அதே மிஷன்தான், அதனால பழைய மிஷன் ஸ்கூல், ஆஸ்பத்திரில வேலை பாத்தவங்க வீட்ல எல்லாம் பரண்ல இந்த மாதிரி ஒரு பிஸ்கட் டப்பாவாவது இருக்க வாய்ப்பு இருக்கு.

பாய் கடைக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு வியாபாரிகிட்ட போட்டோ அனுப்பி கேட்டோம். படம் இருக்கற பக்கத்த மட்டும் பாத்துட்டு பெட்டி மொத்தத்துக்கும் 3,000 ரூபா தரேன், நாளைக்குள்ள சொல்லுங்கன்னுட்டாரு. கார்டோட பின்பக்கத்த கேக்கவே இல்ல. பாய் கடைல போய் உக்காந்தப்பதான் அது எவ்ளோ பெரிய விஷயம்னு புரிஞ்சுது, ஏன்னா அவரு செஞ்ச முதல் வேலையே எல்லா கார்டையும் கவுத்து போட்டதுதான். மேஜை மேல கருப்பு வெல்வெட் துணி விரிச்சு, கார்டுங்கள சீட்டு போடற மாதிரி பின்பக்கம் மேல வர்ற மாதிரி வரிசையா வச்சாரு. "படம் அப்பறம் பாக்கலாம்மா, ஜாதகம் பின்னாடிதான் இருக்கு"ன்னாரு.

பின்பக்கம் நடுவுல கோடு இருக்கா இல்லையான்னு பாக்கறதுதான் முதல் பரீட்சை. ஆரம்ப காலத்துல ஒரு பக்கம் முழுக்க விலாசம் மட்டும்தான் எழுதணும், சேதி எழுதணும்னா படம் இருக்கற பக்கத்துலயே ஓரமா எழுதணும், அதனால அந்த கார்டுங்கள்ல படத்துக்கு கீழ காலியா இடம் விட்டிருப்பாங்க, அங்க பொடி எழுத்துல நலம் விசாரிச்சு கிறுக்கியிருக்கும். பின்பக்கத்த ரெண்டா பிரிச்சு ஒரு பாதில சேதி எழுதலாம்னு பிரிட்டன்ல விட்டது 1902-ல, ஜெர்மனில 1905, அமெரிக்கால 1907 மார்ச். கோடே இல்லாத கார்டுன்னா பெரும்பாலும் அதுக்கு முந்தினது, கோடு இருந்தா பிந்தினது. இது தெரிஞ்சா வீட்லயே பாதி கார்டை பிரிச்சு வச்சுடலாம்.

அடுத்து அச்சடிச்ச எழுத்து. மெட்ராஸ் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் க்ளைன், ஸ்பென்சர் இவங்க பேரு ஓரத்துல பொடியா இருந்தா பாய் முகமே மாறிடுது. அந்த காலத்து நல்ல கார்டுங்க நிறைய ஜெர்மனில அச்சாகி வந்தது, "பிரிண்டட் இன் சாக்ஸனி" மாதிரி ஒரு வரி இருந்தா 1914 சண்டைக்கு முந்தினதுன்னு ஓரளவு தைரியமா சொல்லலாம், ஏன்னா சண்டை வந்ததும் அந்த வரத்து நின்னு போச்சு. லண்டன் ரஃபேல் டக் கம்பெனியோட ஆயிலெட் கார்டுங்க, பெயின்டிங் மாதிரி இருக்குமே, அது 1903-ல இருந்து வந்தது, அந்த கம்பெனி கட்டடமே 1940 டிசம்பர் குண்டு வீச்சுல எரிஞ்சு ரெக்கார்டெல்லாம் போயிடுச்சாம், அதனால எந்த கார்டு எப்ப வந்துச்சுன்னு கார்டு சேக்கறவங்களே ஒவ்வொன்னா கோத்து பட்டியல் போட்டிருக்காங்க. பாய் இதெல்லாம் சொல்றப்ப ஒரு தடவை கூட அவசரப்படல, கீழ வேற ஆளு நின்னுகினு இருந்தாங்க அப்பயும்.

அத்தைக்கு அமெரிக்கால இருந்து வந்த கார்டுங்கதான் எங்களுக்கு ரொம்ப அழகா தெரிஞ்சுது. மிச்சிகன்ல ஹாலண்டுன்னு ஒரு ஊரு, அந்த சர்ச்காரங்க நிறைய பேரு அங்கதான், துலிப் பூ தோட்டம், காத்தாடி மில், சிகப்பும் மஞ்சளுமா கண்ண பறிக்குது, தொட்டா துணி மாதிரி சொரசொரன்னு இருக்கு. லினன் கார்டுன்னு சொல்றாங்க, 1930, 40-கள்ல அமெரிக்கால மலிவா லட்சக்கணக்குல போட்டது. அதுல ஒன்னுல ஓரத்துல 5பி-எச்னு ஆரம்பிக்கற நம்பர் இருந்துச்சு, பாய் உடனே "நாற்பத்தஞ்சு"ன்னாரு. சிகாகோ கர்ட் டைக் கம்பெனி கார்டாம், ஏ-ன்னா 1930-கள், பி-ன்னா 1940-கள், சி-ன்னா 1950-கள், முன்னாடி இருக்கற நம்பர் வருஷம், அதனால 5பி-ன்னா 1945. வருஷமே கையில இருக்கேன்னு நாங்க சந்தோஷப்பட்டா, "இது ஒன்னு நாப்பது ரூபாய்க்கு மேல போகாதும்மா, எல்லார்கிட்டயும் இருக்கு, வித்துட்டு அத்தை கையெழுத்த இழக்காதீங்க"ன்னு எங்க பக்கமே தள்ளி வச்சுட்டாரு. கடைக்காரர் ஒருத்தர் விக்காதீங்கன்னு சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அப்பறம் காலணா கார்டு. யூட்யூப்ல லட்சம் கோடின்னு தலைப்பு போட்டு வீடியோ விடறாங்களே, அத நம்பி வர்றவங்கதான் பாய்க்கு தினம் தலைவலி. இந்தியால அரசாங்க தபால் கார்டு 1879 ஜூலைல வந்துச்சு, விலை காலணா, ஏழை எளியவங்க எல்லாம் எழுதினது, கோடிக்கணக்குல இருந்துச்சு, அதனால படம் இல்லாத அந்த கார்டு பழசுங்கறதுக்காக மட்டும் விலை போகாது. அதுல விலை இருக்கறது சீல்லதான். சின்ன ஊரு தபால் ஆபீஸ் சீல் சுத்தமா, வட்டம் முழுசா, ஊர் பேரும் தேதியும் படிக்கற மாதிரி விழுந்திருந்தா அத தேடி வாங்கறவங்க இருக்காங்க, ரயில்ல பிரிச்ச தபால்ல விழுந்த ஆர்எம்எஸ் சீலுக்கும் தனி கூட்டம் இருக்கு. ஸ்டாம்ப மட்டும் தண்ணில ஊற வச்சு உரிச்சு எடுத்துட்டு கார்டை தூக்கி போட்டவங்க எத்தனை பேரு நம்ம பக்கம், அவங்க எடுத்து வச்ச ஸ்டாம்புக்கு பெருசா ஒன்னும் வராது, போனது கார்டும் சீலும்.

தேதி படிக்க முடியலன்னா ஸ்டாம்புல இருக்கற ராஜா தலைய பாருங்கன்னு பாய் சொன்னாரு. விக்டோரியா ராணின்னா 1901-க்குள்ள அச்சானது, ஏழாம் எட்வர்டு அதுக்கு அப்பறம் 1910 வரைக்கும், அஞ்சாம் ஜார்ஜ் 1936 வரைக்கும், அப்பறம் ஆறாம் ஜார்ஜ். ஸ்டாக் மிஞ்சி ரெண்டு மூனு வருஷம் முன்னபின்ன ஓடியிருக்கலாம். சுதந்திரத்துக்கு அப்பறம்னா நயா பைசா போட்டிருந்தா 1957-ல இருந்து 64 வரைக்கும். விலாசத்துல பின்கோடு போட ஆறு கட்டம் இருந்தா 1972 ஆகஸ்ட்டுக்கு பிந்தினது, அத எவனாவது சுதந்திரத்துக்கு முந்தினதுன்னு விக்க வந்தா கிளம்பிடுங்க. வேலூர் கோட்டைக் கோயில் படத்துக்கும் ஒரு குறிப்பு சொன்னாரு: ஜலகண்டேஸ்வரர் கோயில்ல திரும்ப சாமி வச்சது 1981-லதான், அதுக்கு முன்னாடி எடுத்த கார்டுங்கள்ல மண்டபம் ஆளில்லாம, பூ மாலை விளக்கு எதுவும் இல்லாம கல்லு மட்டும் நிக்கும், பாத்தாலே தெரியும்.

இப்ப முக்கியமான கார்டுக்கு வரேன். பெட்டி அடில கருப்பு வெள்ளைல, கொஞ்சம் பழுப்பேறி, ஒரு கடைத்தெரு. ஜட்கா வண்டி, திண்ணைல மூட்டை, தலப்பா கட்டின ரெண்டு பேரு கேமராவ முறைச்சு பாக்கறாங்க, கீழ வெள்ளை எழுத்துல கையால வேலூர்னு மட்டும் இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. நாங்க இத வேண்டாததுல போட்டிருந்தோம், ஆன்லைன் வியாபாரி இத பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பாய் நகைக்கடைல வைரம் பாக்கற லென்ஸ எடுத்து முதல்ல என் கைல குடுத்து, வேற ஒரு அச்சு கார்டையும் பக்கத்துல வச்சு "ரெண்டையும் பாருங்க"ன்னாரு. அச்சு கார்டுல வானம் முழுக்க வரிசை வரிசையா புள்ளி. இதுல புள்ளியே இல்ல, கருப்புல இருந்து சாம்பல் அப்படியே கரையுது, வேட்டி மடிப்பு வரைக்கும் தெரியுது. அதாவது அச்சு இல்ல, நெகட்டிவ்ல இருந்து நேரா போட்டோ பேப்பர்ல போட்ட கார்டு, ரியல் போட்டோன்னு சொல்றது. கார்டை சாய்ச்சு டியூப் லைட்டு வெளிச்சத்துல காட்டினாரு, இருட்டான இடத்துல எல்லாம் வெள்ளி பூச்சு மாதிரி மினுக்கு, அது போட்டோ பேப்பர்ல இருக்கற வெள்ளி காலப்போக்குல மேல வர்றது, அத போலி பண்றது ரொம்ப கஷ்டம். பின்னாடி ஸ்டாம்பு ஒட்டற கட்டத்த சுத்தி ஏ-இசட்-ஓன்னு எழுதி மூலைக்கு ஒன்னா நாலு முக்கோணம், நாலும் மேல் நோக்கி. அந்த பேப்பர் 1904-ல இருந்து 1918 வரைக்கும் வந்ததாம், ரெண்டு மேல ரெண்டு கீழன்னு இருந்தா அதுக்கு அடுத்த காலம். மிஷனரி யாரோ சொந்த கேமரால எடுத்து அமெரிக்க பேப்பர்ல நாலஞ்சு காப்பி போட்டிருப்பாங்க, அதனால இந்த படம் வேற எங்கயும் இருக்கறதே சந்தேகம்னாரு.

அதோட விடல. கார்டை ஒரு கவர்ல போட்டு எடுத்துகினு எங்கள மொட்டை மாடிக்கு கூட்டிட்டு போனாரு. படத்துல கடைங்களுக்கு பின்னாடி மங்கலா ஒரு மலை, மேல பழைய கோட்டைச் சுவர் கோடு மாதிரி. மாடில நின்னு கார்டை கைல பிடிச்சு மலைய பாத்து, இப்படி அப்படி நகந்து, ஒரு இடத்துல நின்னு "தோ பாருங்க, அந்த மடிப்பு, அப்பறம் அந்த சரிவு, கேமரா நின்ன இடம் மெயின் பஜார் பக்கம்"னாரு. வீடுங்க எல்லாம் மாறிப்போச்சு, மலை மட்டும் கோடு பிசகாம அப்படியே இருக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. எந்த ஊருன்னு மட்டும் இல்ல எந்த தெருன்னு சொல்ல முடிஞ்சா விலை ஏறும்னு அவரு சொன்னது அப்பறம்தான்.

விலைன்னு வர்றப்ப பாய் சொல்றது ரொம்ப எளிமை: தாஜ்மஹால், பம்பாய் ஸ்டேஷன், மெட்ராஸ் மவுண்ட் ரோடு இதெல்லாம் கட்டு கட்டா வித்தது, அதனால நல்லா இருந்தாலும் கம்மி. சின்ன ஊரு கடைத்தெரு, ரயில்வே ஸ்டேஷன், தொழில் செய்யற ஆளுங்க, கடை போர்டு படிக்கற மாதிரி தெரியற படம், இதுக்குதான் ஆளு. அதுக்கப்பறம்தான் நிலமை. மூலை நாலும் கூரா இருக்கா, மடிப்பு விழுந்திருக்கா, ஆல்பத்துல ஒட்டி உரிச்ச தோலு இருக்கா, பூச்சி தின்ன ஓட்டை இருக்கா. மடிப்பு நேரா பாத்தா தெரியாது, வெளிச்சத்துக்கு சாய்ச்சாதான் தெரியும். ஒரே கார்டு மூலை மழுங்கினா பாதி விலை. லேமினேஷன் பண்ணிட்டா விலையே இல்ல, ஒருத்தர் வீட்டு கார்டு முழுக்க லேமினேட் பண்ணி கொண்டு வந்தத எங்களுக்கு காட்டினாரு, அதுல ஆம்பூர் பக்கத்து அருமையான படம் ஒன்னு இருந்துச்சு, பாக்கவே வயிறு எரிஞ்சுது. செல்லோ டேப், பெவிகால், பின்னாடி பால் பாயின்ட்ல நம்பர் எழுதறது எதுவும் வேண்டாம், எழுதியே ஆகணும்னா பென்சில்ல மெல்லிசா. வைக்கறது பிவிசி இல்லாத பாலிப்ரொப்பிலீன் கவர்ல, நம்ம ஊரு வெயிலுக்கு தகரப் பெட்டில மொட்டை மாடி ரூம்ல போட்டு வைக்கவே கூடாது.

போலிய பத்தியும் சொல்லணும். ரவி வர்மா பிரஸ் லட்சுமி சரஸ்வதி கார்டுங்க மறுபடி அச்சடிச்சு டீத்தண்ணில நனைச்சு பழசாக்கி விக்கறாங்க. பாய் சாம்பிளுக்குன்னே ஒன்னு வச்சிருக்காரு. கடைங்கள்ல 500 ரூபா நோட்டு செக் பண்ற ஊதா லைட்டு இருக்கே, அதுக்கு அடில வச்சா புது பேப்பர் நீலமா பளிச்சுன்னு ஒளிருது, அத்தையோட கார்டு மங்கலாவே கிடக்கு. பேப்பர வெள்ளையாக்க போடற அந்த சாயம் 1950 வாக்குலதான் பரவலா வந்துச்சு, அதனால 1910 கார்டுன்னு சொல்றது ஒளிர்ந்தா அது 1910 இல்ல. லைட்டு விலை சில நூறு ரூபாதான், வாங்கறவங்க ஒன்னு வச்சுக்கறது நல்லது.

விக்கறதுக்கு அவருகிட்ட ரெண்டு வழி. சாதா கார்டுங்கள கையோட காசு குடுத்து வாங்கிக்கறாரு, ஒவ்வொன்னுக்கும் தனியா விலை சொல்லி, வேண்டாம்னா எடுத்து வச்சுக்கலாம், முகம் சுளிக்கறது இல்ல. நல்ல கார்டை அவரு வாங்கறதே இல்ல, "நான் வாங்கினா எனக்கு லாபம் உங்களுக்கு நஷ்டம், கமிஷன்ல வைங்க"ன்னு சொல்லி வித்து குடுத்து 20 சதவீதம் எடுத்துக்கறாரு. விலை எங்கேர்ந்து வருதுன்னும் காட்டினாரு: ஈபேல கேக்கற விலைய பாக்காதீங்க, அது ஆசை, "சோல்டு" ஃபில்டர் போட்டு வித்த விலைய பாருங்க, அப்பறம் டெல்கேம்ப்னு பழைய கார்டு, ஸ்டாம்பு விக்கற சைட்ல அதே மாதிரி கார்டு எவ்ளோக்கு போயிருக்குன்னு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல வைங்க. எங்க கடைத்தெரு கார்டு சென்னைல கார்டு சேக்கற ஒருத்தருக்கு 4,200 ரூபாய்க்கு போச்சு. ஒரே ஒரு கார்டு, பெட்டி மொத்தத்துக்கும் 3,000 சொன்னாங்களே அதுக்கு மேல. விக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் நல்லா ஸ்கேன் பண்ணி எங்களுக்கு பென்டிரைவ்ல போட்டு குடுத்தாரு, அதுக்கு தனியா காசு வாங்கல.

வெளிநாட்டுல இன்னும் கூட கிடைக்குமேன்னு என் தம்பி கேட்டான். பாய் ஒத்துக்கல. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின, வரலாற்று மதிப்பு இருக்கற பொருள தனி ஆளு நாட்ட விட்டு அனுப்ப முடியாது, போஸ்ட் கார்டு அதுல வருமா வராதான்னு நான் வம்பு வாங்க மாட்டேன், நூறு தாண்டினது இந்தியாக்குள்ளதான்னு கறாரா சொல்லிட்டாரு. எனக்கு அதுல சந்தோஷம்தான், வேலூர் தெரு படம் சென்னைலயாவது இருக்கு. 2018-ல லண்டன் சோயாஸ் காலேஜ் கேலரில மெட்ராஸ் பெங்களூர் பட கார்டுங்கள வச்சே ஒரு கண்காட்சி நடத்தினாங்க, அந்த ஊருங்க எப்படி வளந்துச்சுங்கறத இந்த கார்டுங்கள வச்சுதான் காட்டினாங்க. வேலூர், ஆரணி, குடியாத்தம், வாலாஜாவுக்கும் யாராவது இங்கயே அப்படி செய்யணும்னு எனக்கு ஆசை.

பேக்கிங் பிரமாதம். கார்டு கவர்ல, ரெண்டு பக்கமும் கார்டை விட பெருசா அட்டை, அட்டைங்கள ஒன்னோட ஒன்னு ஒட்டறாரு, கார்டு மேல டேப் படவே படாது, அதுக்கு மேல தண்ணி புகாத கவர். ரிஜிஸ்டர் தபால 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டதால இப்ப எல்லாம் ஸ்பீட் போஸ்ட்லதான் போகுது, டிராக்கிங் நம்பர் அன்னிக்கே வாட்ஸ்அப்ல வந்துச்சு.

அரை மார்க்கு ஏன் குறைச்சேன்னா, போன் பண்ணா எடுக்கறதே இல்ல. கமிஷன்ல வச்ச கார்டுக்கு நாமளா கேட்டாதான் சீட்டு எழுதி தராரு, கேட்டு வாங்கிடுங்க, ஒவ்வொரு கார்டையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுட்டு குடுங்க. வித்து பணம் வர மாசக்கணக்குல ஆகலாம், அவசர செலவுக்கு இத நம்பாதீங்க. படிக்கட்டு ரொம்ப செங்குத்து, கைப்பிடியும் இல்ல, வயசானவங்க ஏற முடியாது, ஆனா சொல்லி அனுப்பினா அவரே கீழ பாத்திரக் கடைல வந்து உக்காந்து பாக்கறாரு. சினிமா நடிகர் கார்டு கொண்டு போனா "எனக்கு அது தெரியாதும்மா"ன்னு திருப்பி குடுத்துடறாரு, தெரியாததுக்கு குத்துமதிப்பா விலை சொல்றது இல்ல.

வண்டிய லாங் பஜாருக்குள்ள கொண்டு போகாதீங்க, கோட்டை பக்கம் நிறுத்திட்டு நடந்து போங்க. காலைல லோடு இறக்கற நேரம், நிக்க இடம் இருக்காது, சாயந்திரம் நாலு மணிக்கு மேல நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு போயிடுவாரு, ஞாயித்துக்கிழமை கடை இல்ல. கார்டுங்கள ரப்பர் பேண்டு போட்டு கட்டாதீங்க, ஓரம் வெட்டிடும், ஒரு ஷூ பெட்டில நிக்க வச்சு எடுத்துட்டு போங்க, துடைக்காம, ஒட்டாம, வீட்ல எப்படி இருந்துச்சோ அப்படியே.